ஜியோடெக்னிக்கலில் எம்.இ.: டெல்டா மாணவர் எந்தப் பிரிவை எடுப்பது?

பி.இ. சிவில் முடித்தாயிற்று. எம்.இ. சேர்க்கைக்கான கேட் தேர்வு மதிப்பெண் கையில் இருக்கிறது. மேற்படிப்பு ஜியோடெக்னிக்கல்தான், அதாவது மண்ணையும் பாறையையும் பற்றிய பொறியியல்தான் என்பதிலும் குழப்பமில்லை. அதற்குள் எந்தப் பக்கம் போவது என்பதில்தான் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் இருக்கிற மாணவர்கள் கவுன்சலிங் நாள்வரை தடுமாறுகிறார்கள். அடித்தளமா, ஆற்றுக்கரையும் அணையுமா, நில அதிர்வா, குப்பைக் கிடங்கும் மாசுமா, பாறையும் சுரங்கப்பாதையுமா? சீனியர் ஒருவர் "டனல் எடு, சம்பளம் நல்லா இருக்கு" என்பார். பேராசிரியர் "எர்த்குவேக் எடுப்பா, பேப்பர் போடலாம்" என்பார். அவரவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சரிதான். கேட்கிறவர் எந்த மண்ணில் வேலை பார்க்கப்போகிறார் என்பதை மட்டும் இருவருமே கேட்பதில்லை.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் பட்டத்தின் பெயர் பொதுவானதுதான். கிண்டி பொறியியல் கல்லூரியில் மண் இயந்திரவியலும் அடித்தளப் பொறியியலும் என்று இருக்கும், சென்னை ஐ.ஐ.டி.யில் ஜியோடெக்னிக்கல் என்று இருக்கும். டெல்லி ஐ.ஐ.டி.யில் பாறைப் பொறியியலுக்கும் ரூர்க்கியில் மண் இயக்கவியலுக்கும் இருப்பதுபோலத் தனிப்பட்டங்கள் சில இடங்களில் மட்டுமே. மற்ற இடங்களில் முதல் பருவம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்று. இரண்டாம் பருவத்தில் எடுக்கும் விருப்பத் தாள்களும், கடைசி ஓராண்டின் ஆய்வும், வழிகாட்டியும் சேர்ந்துதான் உங்கள் "சிறப்புப் பிரிவு" ஆகிறது. வேலை நேர்காணலிலும் முதல் கேள்வி ஆய்வைப் பற்றித்தான் வரும்.

## எதை வைத்து அளப்பது?

மண். டெல்டாவில் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. மேற்கே வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் செம்மண் மேடு. கிழக்கே வரவர வண்டலும் களியும். மேலே 1, 2 மீட்டர் வெயிலில் காய்ந்து இறுகிய ஓடு; அதற்குக் கீழே விரல் வைத்தால் பதியும் களி; நடுவே பழைய ஆற்றுத் தடங்களில் மணல். மண் சோதனைக்காக 30 மீட்டர் தள்ளித் துளைத்த இரண்டு போர் குழிகளில் ஒன்றில் களியும் மற்றொன்றில் மணலும் வருவது இங்கே வழக்கம். சம்பா காலத்தில் நிலத்தடி நீர் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுவிடும். எந்தப் பிரிவை எடுத்தாலும் ஊரில் இருந்தால் இந்த மண்ணோடும் இந்தத் தண்ணீரோடும்தான் பிழைப்பு.

பணம் தருபவர் யார்? அரசுத் துறை, ஆலோசனை நிறுவனம், பைல் (தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண் அடித்தளம்) ஒப்பந்ததாரர், துறைமுகம், மெட்ரோ, கல்லூரி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் கதவு வேறு. டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிப் பொறியாளராகப் போக பி.இ. போதும், எம்.இ. அங்கே தகுதியைக் கூட்டாது. கல்லூரியில் பாடம் எடுக்க எம்.இ. கட்டாயம். இந்த இரண்டில் எது உங்கள் குறி என்று தெரிந்துவிட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

ஆய்வுக்கு ஆகும் நாள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. களிமண் மாதிரி ஒன்றுக்குக் கன்சாலிடேஷன் (எடை ஏற்றினால் நீர் வடிந்து மண் அமுங்குவது) சோதனை செய்ய ஒவ்வொரு எடைக்கும் 24 மணி நேரம். ஏற்றி இறக்கி முடிக்க 8 முதல் 10 நாள். ஆய்வகத்தில் எடை ஏற்றும் இரும்புச் சட்டங்கள் 3தான் உண்டு, 4 மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 12 மாதிரிகளுக்கு ஒரு பருவமே போய்விடும். கேட் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். அதற்கும் 24 மாதம்தான் கணக்கு. ஆய்வு இழுத்தால் அந்த மாதங்கள் வீட்டுப் பணத்தில் ஓடும்.

எங்கே குடியிருப்பது? அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நிலம் இருக்கிறது, திருவாரூரை விட்டுப் போக முடியாது என்பவருக்கும், எந்த மலையிலும் முகாம் போடத் தயார் என்பவருக்கும் ஒரே பதில் கிடையாது. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

## அடித்தளமும் மென்மண் மேம்பாடும்

டெல்டாவில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை அதிகம் கிடைப்பது இந்தப் பிரிவில்தான். வயல் மனையாகிறது, சாலை நான்கு வழியாகிறது, பாலங்கள் கூடுகின்றன. நாகப்பட்டினம் பனங்குடியில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள சுத்திகரிப்பு ஆலைக்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 15 மீட்டர் உயரத் தொட்டியில் நிரம்பிய தண்ணீர் தரையை 150 கிலோபாஸ்கல் அளவில் அழுத்தும். அந்த எடையை மென்களியின் மேல் எப்படி உட்காரவைப்பது என்பதுதான் இந்தப் பிரிவின் முழுக் கேள்வி.

இங்கே படிப்பது காகிதத்தோடு நின்றுவிடாது என்பதற்கு ஒரு கணக்கு. 8 மீட்டர் தடித்த மென்களியின் மேல் 3 மீட்டருக்கு மண் கொட்டிச் சாலை எழுப்புகிறோம். கொட்டிய மண்ணின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோநியூட்டன். களியின் அமுங்கு விகிதம் 0.2 என்றும், நடு ஆழத்தில் ஏற்கெனவே உள்ள அழுத்தம் 28 கிலோபாஸ்கல் என்றும் வைத்தால், அமுங்கல் 75 சென்டிமீட்டர் வரும். மேலும் கீழும் தண்ணீர் வடிய மணல் இருந்து, அமுங்கும் வேகத்தைக் காட்டும் கன்சாலிடேஷன் கெழு களிக்கு ஆண்டுக்கு 2 சதுர மீட்டர் என்றால், அதில் 90 விழுக்காடு அமுங்க ஏறக்குறைய 7 ஆண்டு. ஒரு பக்கம்தான் வடியும் என்றால் 27 ஆண்டு. பாலம் பைல் மேல் நிற்கிறது, அது அமுங்காது. அதை ஒட்டிய ஏற்றம் மட்டும் அமுங்கிக்கொண்டே போகும். "பாலத்துக்கிட்ட மெதுவா போப்பா" என்று பஸ்ஸில் டிரைவரிடம் சொல்கிறோமே, அந்தத் தூக்கிப்போடல் இந்த 75 சென்டிமீட்டரின் மிச்சம்தான்.

களிக்குள் 1.2 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் பட்டை வடிகால்களை (நீர் வெளியேற வழிவிடும் மெல்லிய பட்டைகளை) செருகினால், அதே 90 விழுக்காடு காகிதக் கணக்கில் 6 மாதத்தில் முடியும். செருகும் இரும்புக் குழல் சுற்றியுள்ள களியைக் குழப்பி அதன் ஊடுருவலைக் குறைத்துவிடும். அதையும் சேர்த்தால் 9 மாதம் ஆகும். ஒப்பந்தக்காரர் 6 மாதம் என்று அட்டவணை போட்டு, அமுங்கல் நிற்குமுன் தார் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்த 3 மாத வித்தியாசம் சொல்லிவிடும்.

ஆய்வகத்தில் பார்க்க வேண்டிய ஒன்று. 100 மில்லிமீட்டர் குழாயில் எடுத்த களி மாதிரியை வெளியே தள்ளி, நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை இரவு முழுக்க நிழலில் ஆறவிடுங்கள். ஈரமாக இருந்தபோது ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்த களியில், காலையில் நூல் நூலாக வெளிர் கோடுகள் தெரியும். அவை வெள்ளம் வந்தபோதெல்லாம் ஆறு விட்டுப்போன மெல்லிய மணல் படலங்கள். தண்ணீர் பக்கவாட்டில் வேகமாக வடிவது அவற்றின் வழியேதான். அந்தக் கோடுகளைப் பார்க்காமல் போட்ட வடிகால் இடைவெளி செலவைக் கூட்டும், அல்லது காலத்தை ஏமாற்றும்.

பைல் பக்கம் போனாலும் களி விடாது. பைல் அடித்த பிறகு மனையை 3 மீட்டர் உயர்த்தினால், அமுங்கும் களி பைலைக் கீழே இழுக்கும். 600 மில்லிமீட்டர் பைல், 8 மீட்டர் களி, களியின் பிடிப்பு 15 கிலோபாஸ்கல் என்றால் இழுவை மட்டும் 23 டன் அளவுக்கு வரும். பைலின் தாங்குதிறனில் இதைக் கழிக்காத வரைபடங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

வீங்கும் களியும் இதே பிரிவுக்குள் வரும். கோடையில் வயலில் கை நுழையும் அளவு வெடிக்கிற மண், மழையில் வீங்கிச் சுவரைத் தூக்கும். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணில் 10 கிராம் தண்ணீரிலும் 10 கிராம் மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் வைத்து அளக்கிற வீக்கச் சோதனைக்குச் செலவு சொற்பம். ஆழமான வீங்கு களியில், பைல்களுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 2911-இன் மூன்றாம் பகுதி சொல்லும் குமிழ் பைல் (அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த பைல்) 3.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. இதை விட்டுவிட்டுக் கிராவல் நிரப்பி வீடு கட்டி, மூன்றாம் கோடையில் ஜன்னல் மூலையில் சாய்வாக விரிசல் விட்டபின் ஆலோசனைக்கு வருகிறவர்கள் ஏராளம்.

மறைவான செலவுகளும் உண்டு. இந்தப் பிரிவில் ஆள் அதிகம், ஆகவே ஆரம்பச் சம்பளம் அடங்கியே இருக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டு போர் ரிக் பக்கத்தில் வெயிலில் நிற்க வேண்டும். அங்கே நின்றால்தான் 'என்' (N) மதிப்பு, அதாவது சுத்தியலால் குழலை மண்ணுக்குள் இறக்க ஆகும் அடிகளின் எண்ணிக்கை, எப்படிக் கெடுகிறது என்று தெரியும்: 63.5 கிலோ சுத்தியல் 75 சென்டிமீட்டர் விழ வேண்டும். கயிறு தேய்ந்து 60-இலேயே விட்டால் எண்ணிக்கை பொய்யாகக் கூடும். மணலில் போர் போடும்போது குழிக்குள் தண்ணீர் மட்டம் வெளியைவிடக் குறைந்தால், அடியிலிருந்து மணல் பொங்கி இளகிவிடும். 'என்' மதிப்பு பாதியாகக் குறைந்து வரும். மென்களியில் 'என்' 2 என்றோ 3 என்றோ வந்தால் அந்த எண்ணை வைத்து எதுவும் வடிவமைக்க முடியாது. சிறகுத் தகட்டை மண்ணுக்குள் திருப்பி அதன் பிடிப்பை அளக்கும் வேன் (vane) சோதனைதான் வேண்டும். இதை மேலாளரிடம் சொல்லத் துணிவு வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டுப் போக விருப்பமில்லாதவர், பின்னாளில் சொந்தமாகச் சாயில் டெஸ்ட் ஆய்வகம் வைக்க நினைப்பவர், எந்தப் பிரிவு என்று இன்னும் தெளிவில்லாதவர் மூவருக்கும் இதுதான் பாதுகாப்பான தேர்வு.

## கரை, அணை, கசிவு

டெல்டாவுக்கு மிகவும் தேவையான பிரிவு. மாணவர்கள் மிகக் குறைவாக எடுக்கும் பிரிவும் இதுவே. இந்த முரண் எங்களுக்கு உண்மையிலேயே கவலை தருவது.

ஆற்று மணலில் அடித்தளம் போடுவதை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். 1836-இல் அவர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும் கீழணையையும் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் அந்த மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. மணலின் மேல் நிற்கும் கட்டுமானத்தை எப்படிக் கணக்கிடுவது, வயதான பிறகு எப்படிக் கண்காணிப்பது என்பதில் தேர்ந்தவர்கள் இந்த ஆற்றுக்கு எப்போதும் வேண்டும்.

இதையும் எண்ணில் பார்க்கலாம். 20 மீட்டர் நீளத் தளம், கீழ்ப்பக்க முனையில் 4 மீட்டர் ஆழத்துக்கு ஷீட் பைல் (மண்ணுக்குள் இறக்கும் தகட்டுச் சுவர்), மேலும் கீழும் 3 மீட்டர் நீர்மட்ட வேறுபாடு. அடியில் கசியும் நீர் வெளிவரும் இடத்தில் மணலை எவ்வளவு தள்ளும் என்பதைக் காட்டும் வெளியேற்றச் சரிவு, கோஸ்லா முறையில் ஏறக்குறைய 7.3-இல் 1 பங்கு. நுண்மணலுக்கு 6 முதல் 7-இல் 1 பங்குவரை பொறுக்கலாம் என்பதால் இது பாதுகாப்பு. இப்போது அரிப்பாலோ மணல் அள்ளியதாலோ கீழ்ப்பக்கத்தில் ஆற்றுப்படுகை 1.5 மீட்டர் தாழ்ந்துவிட்டது என்று வையுங்கள். ஷீட் பைலில் 2.5 மீட்டர்தான் மண்ணுக்குள் மிஞ்சும். நீர்மட்ட வேறுபாடு துளியும் கூடாவிட்டாலும் சரிவு 5.6-இல் 1 பங்காகிவிடும். கான்கிரீட்டில் ஒரு விரிசல்கூட இருக்காது. அடியில் மணல் கிளம்பத் தொடங்கியிருக்கும்.

கரைகளில் வேறு விதமான சிக்கல். எலி வளையும் நண்டு வளையும் பைப்பிங்கிற்கு (கசிவுநீர் மண்ணை அரித்துக் குழாய்போல் வழி உண்டாக்குவதற்கு) பாதை போட்டுக்கொடுக்கும். கரைக்கு வெளியே வயல் பக்கம் ஊற்று கிளம்பினால் தெளிந்த நீரா, கலங்கிய நீரா என்று முதலில் பார்க்க வேண்டும். தெளிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கினால் கரையின் உடம்பு கரைந்து வருகிறது என்று பொருள். அப்போது ஊற்றை அடைக்கவே கூடாது. அடைத்தால் பக்கத்தில் வேறிடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டை வளையம் கட்டி, உள்ளே தண்ணீரை உயரவிட்டு, நீர் தெளியும் மட்டத்தில் நிறுத்த வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகும் நிம்மதி இல்லை: ஆறு சட்டென்று இறங்கினால் கரைக்குள் தேங்கிய நீருக்கு எதிர்ப்பிடிப்பு இல்லாமல் ஆற்றுப் பக்கச் சரிவு சரியும்.

ஆய்வுக்கும் இங்கே தனி நாட்காட்டி உண்டு. மேட்டூர் திறப்பது வழக்கப்படி ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. கரையில் மாதிரி எடுப்பது, கருவி பொருத்துவது எல்லாம் அணை மூடியிருக்கும் நாலரை மாதத்துக்குள் முடிய வேண்டும். ஆகஸ்டில் தலைப்பு முடிவு செய்து அக்டோபரில் கரைக்குப் போனால் சேற்றில் ஜீப்கூட நுழையாது. முதல் ஆண்டு டிசம்பருக்குள் தலைப்பை உறுதி செய்துகொண்டால்தான் ஒரு முழு வறட்சிக் காலம் கையில் கிடைக்கும். கரை அளவுகளுக்குத் துறை அனுமதி வாங்கவும் வாரக்கணக்கில் ஆகும். அதையும் முன்னதாகவே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

குறை என்னவென்றால் வேலை தருபவர் பெரும்பாலும் அரசு. அங்கே நுழைய எம்.இ. தேவையில்லை. தனியாரில் நேரடி இடங்கள் கொஞ்சம்தான்: அணைப் பாதுகாப்பு ஆலோசனை, அனல்மின் நிலையச் சாம்பல் குளக் கரைகள், நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களின் சரிவும் நிலத்தடி நீர் இறைப்பும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரைத் தொடர்ந்து இறைக்காவிட்டால் நெய்வேலிச் சுரங்கத்தின் தரையே மேலெழும்பும் அபாயம் உண்டு. கசிவுக் கணக்கு தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம். நீர்வளத் துறையில் ஏற்கெனவே பணியில் இருந்து பகுதிநேரமாகப் படிப்பவருக்கும், டி.என்.பி.எஸ்.சி.க்கும் படித்துக்கொண்டே எம்.இ. செய்பவருக்கும் இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை.

## நில அதிர்வும் மண் இயக்கவியலும்

நில அதிர்வுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்புப்படி தஞ்சாவூரும் திருச்சியும் இரண்டாம் மண்டலம். சென்னை மூன்றாம் மண்டலம். ஊர் வேலைக்கு இது பெரிதாக உதவாது என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் தளர்ந்த மணல், தரையை ஒட்டிய நிலத்தடி நீர் என்ற கூட்டணி டெல்டாவில் நிறைய இருப்பதால், பெரிய ஆலைகளுக்கும் பாலங்களுக்கும் அதிர்வில் மணல் திரவம்போல் இளகுமா என்று சோதிக்கச் சொல்வார்கள். அதே தரநூலின் பின்னிணைப்பில் எளிய முறை இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்ய எம்.இ. அளவுப் படிப்பு போதும், தனிச் சிறப்புப் பிரிவு தேவையில்லை.

முழுநேரமாக எடுத்தால் வேலை அணுமின் நிலையம், எரிவாயுத் தொட்டி, இயந்திர அடித்தளம், வட இந்திய மெட்ரோ என்று போகும். கணிதம் கனமானது, இரண்டாம் பருவத்திலேயே அலைச் சமன்பாடுகள் வந்துவிடும். சுழற்சி முச்சுமைக் கருவியும் அதிர்வுத் தூண் கருவியும் விலை உயர்ந்தவை. அவை பழுதானால் உதிரிக்காக மாதக்கணக்கில் நிற்கும். கருவி இல்லாத கல்லூரியில் இந்தப் பிரிவு வெறும் மென்பொருள் ஆய்வாகச் சுருங்கிவிடும். பிஎச்.டி. போவது உறுதி, கருவிகள் ஓடுகிற ஆய்வகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்றால் தயங்காமல் எடுக்கலாம். மற்றபடி ஒரு தாளாகப் படித்துக்கொண்டால் போதும்.

## சுற்றுச்சூழல் ஜியோடெக்னிக்கல்

குப்பைக் கிடங்கின் அடித்தளப் படலம், கழிவுநீர்க் கசிவு, மாசுபட்ட மண்ணைச் சீராக்குதல் ஆகியவை இதில் அடங்கும். 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை நிலத்துக்கு 1.5 மில்லிமீட்டர் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பும், அதன் கீழே 90 சென்டிமீட்டர் களியும், அந்தக் களியின் ஊடுருவல் வினாடிக்கு 10⁻⁷ சென்டிமீட்டருக்கு மிகாமலும் கேட்டன. களிப் படலத்துக்குக் கீழே குறைந்தது 2 மீட்டர் தள்ளித்தான் நிலத்தடி நீரின் உச்ச மட்டம் இருக்க வேண்டும் என்றும் சொன்னன. களி டெல்டாவில் கொட்டிக் கிடக்கிறது. அந்த 2 மீட்டர்தான் கிடைப்பதில்லை. கார்த்திகையில் தண்ணீர் தரைக்கு அரை மீட்டரில் நிற்கும் இடத்தில், கிடங்கை மேடாக எழுப்புவதைத் தவிர வழியில்லை. மேடாக எழுப்பினால் மென்களி அமுங்கும், விரிப்பு இழுபடும். ஆக முதல் பிரிவின் கன்சாலிடேஷன் தெரியாமல் இதில் கரையேற முடியாது.

வேலை நகராட்சிகளின் பழைய குப்பைமேடு அகழ்வு, சாயப்பட்டறை ஊர்கள், சுத்திகரிப்பு ஆலைகள் ஆகியவற்றில் இருக்கிறது. 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்தபின், எண்ணெய் எரிவாயு போன்ற புதிய தொழில்கள் இங்கே வருவது தடுக்கப்பட்டிருக்கிறது. மண்ணுக்கு அது நல்லது. மாசு சார்ந்த பெரிய வேலைகளை டெல்டாவுக்கு வெளியேதான் தேட வேண்டும் என்பது அதன் மறுபக்கம். ஆய்வுச் செலவைப் பாருங்கள்: வேதிப் பகுப்பாய்வைப் பெரும்பாலும் வெளி ஆய்வகத்தில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். களியின் ஊடுருவலைக் கழிவுநீர் வைத்து அளப்பதற்கு ஒரு மாதிரிக்கே மாதங்கள் ஆகும். வேதியியலில் ஈடுபாடு இருந்தால் மட்டும் வாருங்கள்.

## பாறையும் சுரங்கப்பாதையும்

சம்பளம் இங்கே கூடுதல்தான். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிலத்துக்கு அடியில் போகிறது; இமயத்தில் ரயிலுக்கும் சாலைக்கும் சுரங்கங்கள் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். டெல்டாவில் பாறை கிடையாது. திருச்சி மலைக்கோட்டையைத் தாண்டிக் கிழக்கே வரவர ஆழமான வண்டல். பி.இ.யில் பாறைத் தண்டு மாதிரியைக் கையில் தொடாமலே வரும் மாணவருக்கு, புவியமைப்பியலைப் பிடிக்க ஒரு பருவம் கூடுதல் உழைப்பு வேண்டும். மூட்டுகள், சாய்வு, பாறைத் தர மதிப்பீடு எல்லாம் படித்து வருவதைவிடச் சுரங்கம் தோண்டும் முகப்பில் நின்று பழகி வருவது.

12 மணி நேர ஷிஃப்ட், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத முகாம், தூசி, இரைச்சல்: இவை மறைவான செலவு. 30 வயதுக்குப் பிறகு ஊர் திரும்ப நினைத்தால் இந்த அனுபவத்துக்கு டெல்டாவில் வாங்குபவர் இல்லை. வெளியே போவதில் உறுதியாக இருப்பவருக்கு நல்ல பிரிவு. தயக்கம் இருந்தால் வேண்டாம்.

## கடலோர, கடல்சார் ஜியோடெக்னிக்கல்

வேதாரண்யம் முதல் பழையாறுவரை மீன்பிடித் துறைமுகங்கள், தூண்டில் வளைவுகள் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கற்சுவர்கள்), காரைக்கால் துறைமுகம் என்று வேலை உண்டு, எண்ணிக்கையில் சிறிது. படிப்பாக எடுப்பதென்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறைப் பக்கமாகப் போவது நல்லது. மென்களி, அலை அரிப்பு இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு என்பதால், முதல் பிரிவை எடுத்துக்கொண்டு ஆய்வைக் கடலோரத்தில் வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

## ஒரே பார்வையில்

| பிரிவு | டெல்டாவில் வேலை | வெளியே வேலை | ஆய்வில் இழுப்பது | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| அடித்தளம், மென்மண் | நிறைய | நிறைய | கன்சாலிடேஷன் வரிசை | ஊரில் இருப்பவர், சொந்தத் தொழில் |
| கரை, கசிவு | தேவை அதிகம், தனியார் இடம் குறைவு | சுரங்கம், அணைகள் | ஜனவரி–ஜூன் மட்டுமே களம் | அரசுப் பணியாளர், தேர்வு எழுதுபவர் |
| நில அதிர்வு | அரிது | உண்டு | கருவிப் பழுது | பிஎச்.டி. உறுதியானவர் |
| சுற்றுச்சூழல் | சிறிது | வளர்கிறது | வேதிச் சோதனைக் கட்டணம், நாள் | வேதியியல் ஆர்வமுள்ளவர் |
| பாறை, சுரங்கம் | இல்லை | நிறைய, சம்பளமும் கூட | களப் பயணம் | இடம் மாறத் தயாரானவர் |
| கடலோரம் | கொஞ்சம் | துறைமுகங்கள் | மாதிரி எடுக்கும் செலவு | முதல் பிரிவோடு சேர்த்து எடுப்பவர் |

## சேருமுன் செய்ய வேண்டியவை

மென்பொருளைத் தனிப் பிரிவாக எண்ணாதீர்கள். பிளாக்சிஸ் தெரிந்தால் வேலை நிச்சயம் என்று சொல்வார்கள். களியின் எண்கள் தவறானால் அது அழகான வண்ணப் படத்தோடு தவறான விடையைத்தான் தரும். எந்தப் பிரிவானாலும் ஓய்வு நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மாநிலக் கல்லூரிகளுக்கான பொதுக் கலந்தாய்வில் விருப்ப வரிசை போடுமுன், பட்டியலில் உள்ள கல்லூரிகளில் முதல் இரண்டுக்காவது நேரில் போய்விட்டு வாருங்கள். துறையின் முன்னறையோடு திரும்பிவிடாமல் ஆய்வகத்துக்குள் நுழையுங்கள். கன்சாலிடேஷன் சட்டங்கள் எத்தனை, அவற்றில் இன்று எடை தொங்குவது எத்தனை என்று எண்ணுங்கள். தூசி படிந்த 6 சட்டத்தைவிட ஓடிக்கொண்டிருக்கும் 2 சட்டம் மேல். துளை நீர் அழுத்தம் அளக்கும் முச்சுமைக் கருவி வேலை செய்கிறதா, கள வேன் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசி 3 ஆண்டு ஆய்வேடுகளை நூலகத்தில் புரட்டினால் எந்த வழிகாட்டி மாணவர்களைக் களத்துக்கு அனுப்புகிறார், யார் மென்பொருளோடு நிறுத்துகிறார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அங்கேயே இரண்டாமாண்டு மாணவரைத் தனியே பிடித்து, மாதிரிகளை யார் எடுத்தது, யார் செலவில், எத்தனை நாளில் முடிந்தது என்று விசாரியுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஊரில் சமீபத்தில் கட்டிய பாலம், பள்ளி அல்லது நீர்த்தேக்கத் தொட்டிக்கான போர் அறிக்கை ஒன்றைத் தெரிந்த பொறியாளரிடம் கேட்டு வாங்குங்கள். எத்தனை மீட்டரில் தண்ணீர், எத்தனை மீட்டரில் களி முடிந்து மணல் தொடங்குகிறது, எந்த மாதத்தில் எடுத்தது, மென்களியில் 'என்' மதிப்பைத் தவிர வேறு சோதனை ஏதாவது செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த இரண்டு பக்கத்தில் உங்களுக்கு எழும் கேள்விகள் அமுங்கலைப் பற்றியா, கசிவைப் பற்றியா, நீரில் கலந்ததைப் பற்றியா என்று ஒரு தாளில் எழுதி, வழிகாட்டியைச் சந்திக்கப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.